மக்காச்சோளக் காட்டையும் மாட்டுக் கொட்டகையையும் பிரித்துப் பார்க்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மானாவாரி மக்காச்சோளத்துக்குப் புரட்டாசிப் பட்டம் நெருங்குகிறது. பெரம்பலூர், அரியலூர், கள்ளக்குறிச்சி, சேலம், விருதுநகர், தூத்துக்குடி என்று எந்த மாவட்டத்தை எடுத்தாலும், மக்காச்சோளம் போடுகிறவர்களில் பலர் வீட்டில் இரண்டு கறவை மாடோ நாலு வெள்ளாடோ இருக்கும். படைப்புழுவுக்கு வேளாண்மைத் துறை ஒரு துண்டறிக்கை கொடுக்கிறது. உண்ணிக்கும் ஈக்கும் கால்நடை பராமரிப்புத் துறை வேறொன்று கொடுக்கிறது. தனித்தனியே இரண்டும் சரிதான். ஆனால் காட்டில் தெளித்தது தட்டையோடு மாட்டின் வாய்க்குப் போகிறது. கொட்டகையில் குவித்தது எருவாகக் காட்டுக்குத் திரும்புகிறது. இந்தப் போக்குவரத்தைப் பற்றி இரண்டு அறிக்கையிலும் ஒரு வரி இருப்பதில்லை. இரண்டு துறையும் சேர்ந்து ஒரே அறிக்கையை விதைப்புக்கு முன்பே கொடுக்க வேண்டும். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் படைப்புழு. 2018-இல் கர்நாடகத்தின் சிவமொக்கா பகுதியில் கண்டறியப்பட்ட புழு, அதே ஆண்டில் நம் மாநிலத்துக்கும் வந்துவிட்டது. தாய் அந்துப்பூச்சி இலையில் 100 முதல் 200 முட்டை வரை குவியலாக வைத்து, மேலே தன் உடல் செதிலால் மூடும். 2, 3 நாளில் பொரிகிற குஞ்சுப் புழு இலையின் பச்சையத்தை மட்டும் சுரண்டும். இலையில் அந்த இடம் வெள்ளைச் சவ்வாகத் தெரியும். கொஞ்சம் வளர்ந்ததும் குருத்துக்குள் இறங்கிவிடும். பிறகு விரியும் இலைகளில் வரிசையாக ஓட்டை, குருத்தில் ஈரமான மரத்தூள் போன்ற கழிவு. தலையில் தலைகீழான 'ஒய்' எழுத்துக் கோடும், வால் பக்கம் சதுரமாக நான்கு கரும்புள்ளியும் இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

புழுக்காலம் 14 முதல் 21 நாள். அதற்குள் அது தின்கிற தீனியில் பெரும்பங்கு வளர்ச்சியின் கடைசி இரண்டு பருவத்தில்தான். ரோட்டில் நின்று பார்த்தாலே காடு கந்தலாகத் தெரிகிறது என்றால், புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழு ஆகத் தயாராகிவிட்டது என்று பொருள். அந்த நேரத்தில் ஓடிப்போய் வாங்கித் தெளிக்கும் மருந்துக்குக் காசுதான் செலவு. அதனால் விதைத்த 10-ஆம் நாளிலிருந்து வாரம் இரண்டு முறை காட்டுக்குள் நடக்க வேண்டும். வரப்போரத்தை மட்டும் பார்த்தால் கணக்குத் தப்பும். குறுக்கும் நெடுக்குமாகப் போய் 5 இடத்தில், இடத்துக்கு 20 செடி என்று 100 செடியின் குருத்தைப் பார்த்தால், அடிபட்ட செடியின் எண்ணிக்கையே சதவீதம். இளம் பயிரில் 5-ஐத் தொட்டால் வேம்பு மருந்து போதும். 1,500 பிபிஎம் அசாடிராக்டின், லிட்டருக்கு 5 மில்லி. 10-ஐத் தாண்டினால்தான் ரசாயனத்தை நினைக்க வேண்டும். ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி, பயிரின் உயரத்துக்கு ஏற்றபடி தூக்கிக் கட்டி, மருந்துக் குப்பியை மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பொறியில் விழுவது ஆண் பூச்சி மட்டும். 5 பொறி வைத்துவிட்டோம், புழு போய்விடும் என்று நம்புவது தப்பு. பூச்சி வரத்து எப்போது தொடங்குகிறது என்று காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது.

மருந்துக்கு முன் செய்யக்கூடியவை நிறைய. கோடை உழவு மண்ணுக்குள் கிடக்கும் கூட்டுப்புழுவை வெயிலுக்கும் கொக்குக்கும் காட்டிக் கொடுக்கும். கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம்புண்ணாக்கு. ஊடுபயிராக உளுந்து, வரப்பைச் சுற்றித் தட்டைப்பயறோ எள்ளோ சூரியகாந்தியோ இருந்தால் நன்மை செய்யும் பூச்சிகள் தங்கும். முதல் 30 நாளைக்கு ஏக்கருக்கு 10 பறவைத் தாங்கி. கதிர் பிடிக்கும் முன் அவற்றைப் பிடுங்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கிளிக்கு நாமே இடம் போட்டுக் கொடுத்ததாகும். காய்ந்த மணல் 9 பங்கு, சுண்ணாம்பு 1 பங்கு கலந்து குருத்தில் ஒரு சிட்டிகை போடும் முறையும் இந்த முதல் 30 நாளுக்குள்தான். ஊரே ஒரே வாரத்தில் விதைப்பதன் பலனை எந்த மருந்தாலும் ஈடுகட்ட முடியாது. ஒரு காடு 10 நாள் பயிர், பக்கத்துக் காடு 40 நாள் பயிர் என்றிருந்தால், அங்கே பறக்கிற பூச்சிக்கு இங்கே இளங்குருத்து காத்திருக்கும்.

ரசாயனம் தெளித்தே ஆக வேண்டுமானால் 10 லிட்டர் டேங்குக்கு எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்ஜி 4 கிராம், அல்லது ஸ்பைனிடோரம் 11.7 எஸ்சி 5 மில்லி, அல்லது குளோரான்டிரனிலிப்ரோல் 18.5 எஸ்சி 4 மில்லி. ஏதாவது ஒன்று மட்டும். கடையில் இரண்டு மூன்றைச் சேர்த்துக் கொடுத்தால் வாங்காதீர்கள். அடுத்த தெளிப்புக்கு மாற்றும்போது கம்பெனிப் பெயரைப் பார்க்காமல் மருந்தின் இனத்தைப் பார்க்க வேண்டும். குளோரான்டிரனிலிப்ரோலும் புளூபென்டியமைடும் ஒரே இனம். விதையில் பூசி வருகிற சயன்டிரனிலிப்ரோலும் அதே இனம். விதையில் அது இருந்தால் முதல் தெளிப்பு எமாமெக்டினோ ஸ்பைனிடோரமோ ஆக வேண்டும். இல்லாவிட்டால் ஒரே அடியைத் திரும்பத் திரும்ப வாங்கிப் புழு பழகிக்கொள்ளும்.

"நல்ல மருந்துதான், கேட்கவில்லை" என்று சொல்லப்படும் இடங்களில் பாதி, தெளித்த விதம்தான் காரணம். உச்சி வெயிலில் புழு குருத்தின் அடியில் கிடக்கும். மேலே அதன் கழிவே மூடியாக அடைத்திருக்கும். இலைமேல் புகையாக விழுகிற மருந்து அங்கே இறங்காது. காலையிலோ மாலையிலோ, கூம்பு நாசிலைக் குருத்துக்கு நேராகக் கவிழ்த்து, ஒவ்வொரு செடியாகக் குருத்து நனையத் தெளிக்க வேண்டும். வளர்ந்த பயிருக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். 6 டேங்கில் ஒரு ஏக்கரை முடிக்கிறார் என்றால் பாதிக் குருத்து நனையவில்லை. ஒரு பயிருக்கு இரண்டு ரசாயனத் தெளிப்புக்கு மேல் வேண்டாம். ஆண் பூ வந்தபின் வேண்டவே வேண்டாம். மகரந்தத்துக்குத் தேனீ வரும், மருந்து கதிருக்குள் போய்ச் சேராது. மழை மூட்டமான நாட்களில், புழுவைப் பிடித்துக் கொல்லும் மெட்டாரைசியம் பூஞ்சாணம் லிட்டருக்கு 5 கிராம், மாலையில் தெளித்தால் நன்றாக வேலை செய்யும். அதோடு பூஞ்சாணக்கொல்லியைக் கலந்துவிடக் கூடாது.

இனி, எந்த அறிக்கையிலும் இல்லாத பகுதி.

படைப்புழுவுக்கு நச்சு உணவு வைக்கும் முறை ஒன்று பரிந்துரையில் இருக்கிறது. 10 கிலோ தவிடு, 2 கிலோ வெல்லம், 2 முதல் 3 லிட்டர் தண்ணீர் கலந்து 24 மணி நேரம் புளிக்கவைத்து, போடுவதற்கு அரை மணிக்கு முன் 100 கிராம் தயோடிகார்ப் கலந்து உருட்டிக் குருத்தில் இடுவது. இது ஒரு ஏக்கருக்கான அளவு. பெரிய புழுவுக்கு இது நன்றாகவே கேட்கும். ஆனால் தவிடும் வெல்லமும் புளித்த வாசம் வெள்ளாட்டை எவ்வளவு தூரத்திலிருந்து இழுக்கும் என்று ஆடு வளர்க்கிற எவருக்கும் சொல்லத் தேவையில்லை. பெரும்பாலும் இதை ஊறவைப்பதே மாட்டுக்குத் தவிடு ஊறவைக்கும் தொட்டியில், கொட்டகை ஓரத்தில். மிஞ்சியது வரப்பில் கொட்டப்படுகிறது. உருட்டிய கையோடு கன்றுக்குத் தண்ணீர் காட்டுவதும் நடக்கிறது. தயோடிகார்ப் நரம்பைத் தாக்கும் கார்பமேட் இனத்து நஞ்சு. தின்ற ஆடு மாட்டுக்கு வாயில் எச்சில் ஒழுகும், கண்ணில் நீர் வடியும், கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், தசை துடிக்கும், மூச்சு இரைக்கும். இதற்கு மாற்று மருந்து அட்ரோபின் ஊசி. அதைக் கால்நடை மருத்துவர்தான் எடைக்கேற்பப் போட வேண்டும். அவர் வரும்வரை எண்ணெயோ மோரோ வாயில் ஊற்றக் கூடாது. விழுங்க முடியாத நிலையில் அது நுரையீரலுக்குள் போய் அந்த உயிரை அங்கேயே எடுத்துவிடும். மேலே பட்டிருந்தால் சோப்புத் தண்ணீரால் கழுவிவிட்டு, மருந்துப் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு கால்நடை அவசர உதவி எண் 1962-க்கு அழைக்க வேண்டும். அவிழ்த்துவிட்டு மேய்க்கிற ஆடு உள்ள ஊரில் இந்த நச்சு உணவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வைத்தே தீர வேண்டும் என்பவர்கள் தனி வாளியில், பூட்டுள்ள அறையில் ஊறவைத்து, அளந்து கலந்து, மிச்சமில்லாமல் குருத்துக்குள் மட்டும் போட்டு, மீதியை ஆழக் குழிதோண்டிப் புதைக்கட்டும்.

அடுத்தது கலைத்துப் பிடுங்கும் செடி. விதைத்த 12, 15 நாளில் குத்துக்கு ஒன்று விட்டு மீதியைப் பிடுங்குவார்கள். பிடுங்கியது பச்சைப்பசேல் என்று இருக்கும், அப்படியே ஆட்டுக்குப் போகும். தயமீதாக்சாம், சயன்டிரனிலிப்ரோல் பூசிய விதை என்றால் அந்த நஞ்சு செடியின் சாற்றோடுதான் ஓடிக்கொண்டிருக்கிறது. புழுவைக் கொல்வதும் அப்படித்தான். அந்த நாற்றைக் காட்டிலேயே மண்ணில் மிதித்துவிட வேண்டும். விதைத்து மிஞ்சிய சிவப்பு, பச்சை நிற விதையைக் கோழிக்கு இறைப்பதும், கழுவிவிட்டுக் குருணையில் சேர்ப்பதும் அதே ஆபத்துதான். பூச்சு தண்ணீரில் முழுதாகப் போகாது.

தீவனத்துக்கென்றே போடும் ஆப்பிரிக்கன் டால் மக்காச்சோளத்திலும் படைப்புழு வரும். 60 நாளில் அறுத்துப் போடப்போகிற பயிருக்கு ரசாயனம் எதற்கு? விதையை நெருக்கிப் போடுவதால் 20 சதவீதக் குருத்து அடிபட்டாலும் பசுந்தீவன எடை அவ்வளவாகக் குறையாது. வேம்பு, மணல், மெட்டாரைசியம் இவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். தானியப் பயிரில் தெளித்த காட்டிலிருந்து பச்சைத் தழை பறித்துப் போடுகிறவர்கள், மருந்துப் புட்டியின் சீட்டில் உள்ள காத்திருப்பு நாள் கழியும்வரை கை வைக்கக் கூடாது. அந்தச் சீட்டோ கண்ணாடி போட்டும் படிக்க முடியாத பொடி எழுத்தில், பல மொழிகளோடு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. கடைக்காரர் பில் எழுதும்போதே "இத்தனை நாள் தழை பறிக்காதே" என்று பில்லின் மேல் எழுதிக் கொடுக்க அரை நிமிடம் ஆகாது.

புழு துளைத்த கதிரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்தத் துளை வழியாக அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சாணம் உள்ளே போகும். அது உண்டாக்கும் நஞ்சுதான் அப்ளாடாக்சின். வியாபாரி கழித்துவிட்ட மட்டமான மக்காச்சோளம் பெரும்பாலும் எங்கே போகிறது? சொந்த மாட்டுக்கு, அரைத்த மாவாக. மாடு தின்ற ஒரு நாளுக்குள் அந்த நஞ்சின் மாற்று வடிவம் பாலில் வந்துவிடும். பாலில் அது கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. காய்ச்சினால் போகாது. தீவனத்தை மாற்றினால் சில நாளில் பால் தெளிந்துவிடும் என்பதுதான் ஒரே ஆறுதல். இதற்குச் செலவில்லாத வழி, கதிரடிக்கும் முன்பே நல்ல கதிரையும் கெட்ட கதிரையும் பிரிப்பது. துளையுள்ள நுனியும், பச்சை மஞ்சள் பூசணம் பிடித்த கதிரும் தனிக் குவியல். அந்தக் குவியல் மாட்டுக்கும் கோழிக்கும் வேண்டாம். மற்றதை ஈரப்பதம் 12 சதவீதத்துக்கு வரும்வரை காயவைக்க வேண்டும். மார்கழி, தையில் பகலில் காய்ந்ததைப் பனியில் விட்டால் மறுபடி ஈரம் ஏறும். வெயில் சாயும் முன் குவித்துத் தார்ப்பாய் போட்டுவிட வேண்டும்.

கொட்டகைக்கு வருவோம். மாட்டின் மேல் தெரிகிற உண்ணி மொத்தத்தில் ஒரு பகுதிதான். நம் கலப்பின மாடுகளில் அதிகம் காணும் மாட்டுண்ணி, குஞ்சாக ஏறி, அதே மாட்டில் ஏறக்குறைய 21 நாள் இருந்து, இரத்தம் குடித்துப் பருத்துக் கீழே விழும். சுவர் வெடிப்பிலும், தொட்டியின் அடியிலும், கல் இடுக்கிலும் 2,000-க்கு மேல் முட்டை வைத்துவிட்டுச் செத்துப்போகும். பொரித்த குஞ்சு தீனியில்லாமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். மாட்டுக்கு மட்டும் மருந்தடித்துக் கொட்டகையை விட்டுவிட்டால் மூன்றாவது வாரம் பழைய கதைதான். சுவர் வெடிப்பைச் சிமெண்டால் பூசி, ஆளுயரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்க வேண்டும். ஓட்டுக் கொட்டகை, தகரக் கொட்டகையானால் தீக்குழல் கொண்டு இடுக்குகளைச் சுடலாம். கூரைக் கொட்டகையில் அதை நினைக்கவே கூடாது. சந்தையில் வாங்கி வந்த மாட்டை உண்ணி போக்கிய பிறகே மற்ற மாடுகளோடு கட்ட வேண்டும்.

மூலிகைத் தெளிப்புக்குத் தேசிய பால்வள வாரியம் பரப்பிவரும் செய்முறை நம் ஊரிலேயே கிடைக்கும் சரக்குதான்: பூண்டு 10 பல், வேப்பிலை, வேப்பம்பழம், உண்ணிச்செடி இலை, துளசி ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி, வசம்பு 10 கிராம், மஞ்சள்தூள் 20 கிராம். அரைத்து 1 லிட்டர் தண்ணீரில் கரைத்து வடிகட்டி, வாரம் ஒருமுறை மாட்டுக்கும், சுவர் வெடிப்புக்கும் தெளிக்க வேண்டும். உண்ணி குறைவாக இருக்கும்போதே தொடங்கினால் பெரும்பாலும் இதுவே போதும்.

உண்ணி அப்பியிருக்கிற மாட்டுக்கு 1.25 சதவீத டெல்டாமெத்ரின் லிட்டருக்கு 2 மில்லி, அல்லது 12.5 சதவீத அமிட்ராஸ் லிட்டருக்கு 2 மில்லி. காதின் உள்மடல், தாடை, வாலடி, மடிக்கும் தொடைக்கும் இடை, இங்கெல்லாம் நனையாவிட்டால் தெளித்ததில் பயனில்லை. ஒரு பெரிய மாட்டுக்கு 2, 3 லிட்டர் கரைசலாவது வேண்டும். தெளிக்கும் முன் வயிறு நிறையத் தண்ணீர் காட்டி, உடம்பு காயும்வரை நக்காதபடி வாய்க்கூடை போட வேண்டும். கறக்கும் முன் மடியைக் கழுவ வேண்டும். உண்ணிக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசி பால் கறக்கும் மாட்டுக்கு ஆகாது. அது சாணத்தில் வெளியேறிச் சாண வண்டையும் கொல்லும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். பயிருக்கு வாங்கிய சைபர்மெத்ரின் 25 சதவீதத்தை, "அதே பெயர்தானே" என்று மாட்டுக்கு அடிக்கிறார்கள். மாட்டு மருந்தில் உள்ள செறிவு வேறு, கலக்கும் எண்ணெய் வேறு. களைக்கொல்லி அடித்த கைத்தெளிப்பானையே மாட்டுக்கும் எடுப்பது இன்னொரு கொடுமை. கொட்டகைக்கென்று 2 லிட்டர் கைப்பம்பு ஒன்று தனியாக இருக்கட்டும், அதில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள்.

ஈக்கும் எருக்குழிக்கும் உள்ள தொடர்பு நேரடியானது. ஈரச் சாணமும் சிந்திய தீவனமும் மூத்திரமும் கலந்த இடத்தில் வீட்டு ஈயும் கடிக்கும் ஈயும் பெருகும். வெயில் காலத்தில் வீட்டு ஈ முட்டையிலிருந்து ஈயாக 7 முதல் 10 நாள் போதும். வாரம் இரண்டு முறை சாணத்தையும் கழித்த தட்டையையும் ஒன்றுவிடாமல் அள்ளினால் அந்தச் சுற்று அறுந்துபோகும். அள்ளியதைப் பரப்பிப் போடாமல் இறுக்கிக் குவித்து, பிளாஸ்டிக் தாளால் மூடினால் உள்ளே சூடேறிப் புழுவும் களை விதையும் சாகும். அரைகுறையாக மக்கிய எருவைக் காட்டில் போட்டால் கரையானும் வெள்ளை வேர்ப்புழுவும் கூடவே வரும். பக்கத்தில் தென்னை இருந்தால் காண்டாமிருக வண்டுக்கு அந்தக் குழிதான் தொட்டில். குழியில் மெட்டாரைசியம் கலந்து ஈரம் காயாமல் வைத்தால் வண்டின் புழு பூஞ்சாணம் பிடித்துச் சாகும். காட்டுக்கு வாங்கும் அதே பையில் ஒரு பங்கு இதற்கு ஒதுக்கலாம்.

இவ்வளவையும் ஒரே தாளில் அச்சிட முடியும். ஒரு பக்கம் விதைத்த நாளிலிருந்து பயிரின் வயது, அதற்கு நேரே என்ன பார்ப்பது, எது எல்லை, என்ன தெளிப்பது. கடைசிக் கட்டத்தில் "தழை, தட்டை மாட்டுக்கு எப்போது" என்று ஒரு பத்தி. மறுபக்கம் கொட்டகை. ஆவணி மாதத்துக்குள் உதவி வேளாண்மை அலுவலரும் கால்நடை ஆய்வாளரும் ஒரே நாளில் ஊருக்கு வந்து, பால் சங்கத்தில் பால் ஊற்ற வருகிற நேரத்தில் இதைப் படித்துக் காட்டினால் அரை மணி நேரத்தில் ஊருக்கே போய்ச் சேரும். மக்காச்சோளப் பகுதிக் கால்நடை மருந்தகங்களில் புரட்டாசி முதல் கார்த்திகை வரை அட்ரோபின் கையிருப்பு தீராமல் பார்த்துக்கொள்ளும்படி மாவட்ட நிர்வாகம் இப்போதே உத்தரவிட வேண்டும். விதைப்பு தொடங்கிய பிறகு வாங்கிச் சேர்க்க நேரம் இருக்காது.

இப்படிக்கு,
மானாவாரி விவசாயி ஒருவர்,
பெரம்பலூர் மாவட்டம்.